கவிழ்த்துப் போட்ட படம்

மோனகன் கவுண்டியில் ரயில் நின்றுபோய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. தண்டவாளத்தைப் பிடுங்கி இரும்புக் கடைக்குப் போட்டாயிற்று. ஸ்டேஷன்களில் பாதியை இடித்துச் சாலை போட்டாயிற்று. அதனால் என்ன, ரயில் கிளப் மட்டும் அமோகமாக நடக்கிறது. செவ்வாய்க்கிழமை தோறும் பழைய பால் நிலையத்தின் பின்னறையில் வயசாளிகள் அரை டஜன் பேர் கூடுவார்கள். உள்ளங்கை அகல ரயிலுக்கு மேஜை அகல ஊர் கட்டுவார்கள். அந்த ஊரில் ஒரு கோழி எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று சாயங்காலம் முழுக்கச் சண்டை போடுவார்கள். கோழியைச் செய்தவள் டிம்ப்னா மெக்கென்டி. அவளை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

டிம்ப்னா அங்கே முதலில் போனது டீ போட. அவள் புருஷன் ஃபீலிம் பஸ் டிரைவர். செவ்வாய்க்கிழமை வந்தால் வீட்டில் கால் தரிக்காது. அவன் பின்னாலேயே ஹாம் சாண்ட்விச்சும் பிளாஸ்குமாக இவளும் போவாள். ஒருநாள் கிளப் தலைவர் மாலக்கி ப்ரானிகன் ஒரு கற்சுவர் செய்து வைத்திருந்தார். கல் எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். டிம்ப்னா டீயை வைத்துவிட்டு, "இது சுவரா, சாக்லேட் கட்டியா?" என்று கேட்டுவிட்டாள். மாலக்கிக்குச் சுருக்கென்றது. முடிந்தால் நீ செய்து காட்டு என்றார்.

அவர் தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டார். டிம்ப்னா ஊர் பேக்கரியில் கல்யாணக் கேக்குக்கு ஐசிங் பூ வைக்கிறவள். சர்க்கரையில் ரோஜா இதழ் செய்கிற கைக்குக் களிமண்ணில் கல் கீறுவது பெரிய வேலையா? ஒரு பிடி களிமண்ணை வீட்டுக்கு எடுத்துப் போனாள், பின்னல் ஊசியால் கீறினாள், அடுத்த வாரம் கொண்டுவந்து வைத்தாள். மாலக்கி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாலக்கி ஒன்றும் சொல்லவில்லை என்றால் அது மெடல் குத்தினமாதிரி. அன்றிலிருந்து கட்டடம் எல்லாம் அவள் பொறுப்பு. காகிதத்தைப் பொடிப் பொடியாக வெட்டி வரிசை வரிசையாக ஒட்டிக் கூரை வேய்வாள். டீத்தூளைக் காயவைத்துப் பாசி பிடிக்கவைப்பாள். யாரும் எட்டிப் பார்க்கப் போகாத உள்ளறைக்குக்கூடத் திரைச்சீலை தொங்கும்.

தண்டவாளம் ஃபீலிம் பொறுப்பு. எங்கள் நாட்டுத் தண்டவாளம் இங்கிலாந்துக்காரன் தண்டவாளத்தைவிட அகலம். கடையில் விற்கும் பொம்மைத் தண்டவாளமோ இங்கிலாந்து அளவுக்குக்கூட வராது. வாங்கி ஒட்டிவிட்டால் வேலை சுலபம். ஆனால் ஃபீலிம் ஒவ்வொரு கட்டையாகக் கையால் வெட்டி, அகலத்தை அளந்து அளந்துதான் பதிப்பான். கடைத் தண்டவாளம் போட்ட சித்தப்பா மகனோடு ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசவே இல்லை. அதற்காக அவனைப் பைத்தியம் என்று நினைத்தால் கிளப்பில் எல்லோரையும் அப்படித்தான் நினைக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் இருந்த ஸ்டேஷன்களில் அவர்கள் கட்டாதது கொஞ்சம். அதில் ஒன்று டிரமவானி. ஃபீலிம் பிறந்த இடமே அதுதான். அப்பா ஸ்டேஷன் மாஸ்டர், குடியிருப்பும் ஸ்டேஷனிலேயே. வீட்டுக்கு எட்டு பிள்ளை இருந்த காலத்தில் இவன் ஒற்றைப் பிள்ளை. பத்து வயசில் லைன் மூடினார்கள், சாமானை லாரியில் ஏற்றினார்கள், பிறகு கட்டடத்தை இடித்தார்கள். இப்போது அங்கே ரவுண்டானா. அம்மா சமையலறை ஜன்னல் வழியாக என்ஜின் டிரைவருக்குச் சோடா ரொட்டி நீட்டிய கதையை டிம்ப்னா ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். ஜன்னல் இடப்பக்கமா வலப்பக்கமா என்று அவள் கேட்டதில்லை. கதை கேட்கும்போது யார் அதையெல்லாம் கேட்கிறார்கள்?

ஏன் டிரமவானியைக் கட்டவில்லை என்று மட்டும் அடிக்கடி கேட்பாள். அவன் பதில் மாறாது.

"படம் இல்லாம எப்படிக் கட்டறது? தப்பா கட்டறதுக்குக் கட்டாம இருக்கறது மேல்."

அந்த வருஷம் வசந்தத்தில் ஒரு காலை, கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் ஃபீலிம் சரிந்து விழுந்தான். உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. எழுத்தும் வரவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு சொல், "ஆமா". டீ வேணுமா என்றால் ஆமா. வலிக்கிறதா என்றால் ஆமா. மழை பெய்கிறதே என்றால் ஆமா. ஒருநாள் மாலக்கி பார்க்க வந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் வேடிக்கையாக ஒன்று கேட்டுவைத்தார்.

"என்ன இருந்தாலும் கடைத் தண்டவாளம்தான் ஒசத்தி, இல்ல ஃபீலிம்?"

"ஆமா," என்றான் ஃபீலிம்.

மாலக்கி எழுந்து வெளியே போய்க் காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீ ஆறிப்போகும்வரை உள்ளே வரவில்லை.

டிம்ப்னா அவனைத் தூக்கினாள், குளிப்பாட்டினாள், ஷேவ் செய்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று. அவளுடைய அக்கா கொரெட்டி ரிட்டயரான நர்ஸ். எதையும் நேராகப் பார்த்து நேராகச் சொல்கிற பேர்வழி. தினமும் மத்தியானம் வந்து ஃபீலிமோடு உட்காருவாள், தங்கை கொஞ்சம் காலாற நடந்துவிட்டு வரட்டும் என்று. கெட்டவள் இல்லை. தங்கை தன் கண்முன்னால் உடைந்துகொண்டிருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் சொல்லி வைத்திருந்தாள். அக்டோபரில் அங்கே ஓர் இடம் காலியாகும் என்று தகவல் வந்தது.

இதற்கு நடுவில்தான் படம் கிடைத்தது. செத்துப்போன ஒரு வக்கீலின் வீட்டுப் பரணில் போட்டோ நெகட்டிவ் பதிந்த கண்ணாடித் தகடுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன; மனுஷன் அந்தக் காலத்தில் போட்டோப் பைத்தியம். மாலக்கி அதைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தகடாகத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்ததில் ஒன்று டிரமவானி. எதிர்வயலில் நின்று எடுத்தது. தாழ்ந்த நீளக் கட்டடம், புகைபோக்கிகள், ஒரு கோடியில் கல் பாலம், மறுகோடியில் சிக்னல் கேபின், பிளாட்பாரத்தில் போர்ட்டர்கள். ஊர்ப் பலகை மட்டும் படத்தில் விழவில்லை; பெயர் தகட்டின் உறையில்தான் எழுதியிருந்தது. சாதாரணத் தாளில் அச்சடித்து ஓடிவந்தார்.

டிம்ப்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. தாளை ஃபீலிமின் இடது கையில் கொடுத்தாள். அவன் பார்த்தான். மூச்சு வேகமாக வாங்கியது. தாளை மெதுவாக நாற்காலித் தட்டின்மேல் கவிழ்த்துப் போட்டான்.

அவள் நிமிர்த்தி வைத்தாள். அவன் கவிழ்த்தான். மறுபடி நிமிர்த்தினாள். மறுபடி கவிழ்த்தான். மறுநாள் கொடுத்துப் பார்த்தாள், மறுவாரம் கொடுத்துப் பார்த்தாள். எப்போதும் அதே கதைதான்.

"பொறந்த வீட்டையே பாக்க மாட்டேங்கறார் பாரு," என்றாள் கொரெட்டி. "டிம்ப், நான் மனசு நோகச் சொல்லல. உள்ள யாரும் இல்லடி. ஆளு போயாச்சு. நீ எதுக்கு ஒடம்ப ஒடச்சுக்கறே?"

டிம்ப்னா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு பேச்சு வந்தபோது ஒரே பிடிவாதமாக வந்தது. தாள் சின்னது, மங்கல், அவன் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நான் கட்டிக் காட்டுகிறேன். கதவு, ஜன்னல், ரொட்டியோடு அவன் அம்மா, எல்லாம் வைத்து. அக்டோபரில் கிளப் நடத்தும் கண்காட்சியில் அவன் முன்னால் வைக்கிறேன். அதுவும் அவனுக்குத் தெரியவில்லை என்றால் திங்கட்கிழமை இல்லத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன். கொரெட்டி சரி என்றாள். நாய்க்குட்டி வாங்கித் தருகிறேன் என்று குழந்தையிடம் சொல்கிற குரலில்தான் சொன்னாள், ஆனாலும் சரி என்றாள்.

கோடை முழுக்க மத்தியானங்களில் டிம்ப்னா பால் நிலையத்தின் பின்னறையில் கிடந்தாள். தண்டவாளத்தை மாலக்கி போட்டார், ஃபீலிமின் அளவுகோலை வைத்து, அவன் போடுவது மாதிரியே கட்டை கட்டையாக. அவர் அப்படி வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. எது எந்தப் பக்கம் என்று அவளுக்கு ஒரு தடவை சந்தேகம் வந்தது. கவுண்டி வரைபடத்தை விரித்தால் பாலத்தை ஒட்டி ஸ்டேஷன் ஒரு மிளகு அளவுக்கு இருக்கிறது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எவனுக்குத் தெரியும்? கேட்கவும் ஆள் உயிரோடு இல்லை.

"படம் பொய் சொல்லாது, மிஸஸ்," என்றார் மாலக்கி. அவர் எல்லாச் சண்டையிலும் ஜெயிக்கிற வாக்கியம் அது.

கல் பாலம் அந்த லைனின் மற்றப் பாலங்கள் மாதிரிதான். இரட்டைத் தண்டவாளம் வரும் என்று ஆசையாக இரண்டு வளைவு கட்டினார்கள், கடைசிவரை ஒற்றைதான் வந்தது. ஒரு வளைவில் ரயில் போகும், இன்னொன்றில் புல்தான் முளைத்தது. மேஜையின் கோடியில் அந்தக் காலி வளைவுக்குப் பின்னால் வெறும் பலகை தெரியும். அதை மறைக்க டிம்ப்னா தன் பவுடர் டப்பாக் கண்ணாடியைப் பெயர்த்து உள்ளே பொருத்தினாள். இது எல்லோரும் செய்கிற வேலைதான். கண்ணாடி இந்தப் பக்கத்தைக் காட்டும், பார்க்கிறவனுக்குப் பாலத்தைத் தாண்டியும் ஊர் போவதுபோல் இருக்கும். ஆனால் குனிந்து பார்த்தால்தான் தெரியும். கண்காட்சிக்கு வருகிறவன் எவன் குனிகிறான்?

அக்டோபர் சனிக்கிழமை சர்ச் ஹாலில் நல்ல கூட்டம். ஃபீலிமுக்கு டை கட்டி, கல்யாணங்களுக்குப் போடும் கோட்டைப் போட்டு, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். கிளப்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். மேஜையின் நடுவில், ஸ்டேஷனுக்கு நேர் எதிரே நிறுத்தினாள். சமையலறை ஜன்னலில் அரிசி அளவு ரொட்டியோடு நீல ஏப்ரன் கட்டிய ஒரு பெண்பிள்ளை.

ஃபீலிம் பார்த்தான். முகம் சிவந்தது. இடது கை மேலே எழுந்தது.

"ஆமா," என்றான். "ஆமா. ஆமா. ஆமா."

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். அவன் கையை நீட்டிக் கட்டடத்தைத் தள்ளினான். ஒரு புகைபோக்கி முறிந்து தண்டவாளத்தில் விழுந்தது. போர்ட்டர் ஒருவன் பிளாட்பாரத்திலிருந்து உருண்டான். யாரோ சிரித்து, உடனே அடங்கினார்கள். கொரெட்டி நாற்காலியை அங்கிருந்து தள்ளிப்போய், மேஜையின் கேபின் கோடியில், பாலத்தைப் பார்த்தபடி, கூட்டம் இல்லாத இடத்தில் நிறுத்தி பிரேக் போட்டாள்.

டிம்ப்னா ஹால் சமையலறைக்குப் போய்க் கழுவின கப்பையே திரும்பக் கழுவினாள். அழுதாள். கோடை முழுக்க உட்கார்ந்து கட்டியது இதற்காகத்தானா என்று ஆத்திரமாக வந்தது. அவன்மேல் ஆத்திரப்படுகிறோமே என்று வெட்கமாகவும் வந்தது. திங்கட்கிழமை வந்தால் கையெழுத்துப் போட வேண்டும். அவனுடைய செருப்பையும் ரேடியோவையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தப் பையை நினைத்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

மாலக்கி வந்து நின்றார். உள்ளங்கையில் முறிந்த புகைபோக்கி. பசை போட்டால் ஒட்டிவிடும் என்று முணுமுணுத்தார்.

"அது ஒட்டும், மாலக்கி," என்றாள். "அது ஒட்டும்."

சற்று நேரத்தில் கொரெட்டி வந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வா, கூட்டிட்டுப் போயிடலாம். பாலத்துக்கு அடியில வெறும் ஓட்டையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கார். கண் எடுக்கல. எனக்கே சங்கடமா இருக்கு."

டிம்ப்னா போனாள். ஃபீலிம் அமைதியாக இருந்தான். சற்றுமுன் ஹாலையே திரும்பிப் பார்க்கவைத்த ஆள் இவன்தானா என்று இருந்தது. சக்கர நாற்காலியில் அவன் கண்ணும் மேஜையும் சரியாக ஒரே மட்டம். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்க, கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இடது சுட்டுவிரல் மேஜை விளிம்பில் நின்று காலி வளைவைக் காட்டியது. இந்தக் கண்ணீர் வேதனைக் கண்ணீர் இல்லை என்று அவளுக்குப் பட்டது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அதுகூடவா தெரியாது?

முழங்கால் மளுக்கென்று சத்தம் போட, அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். அவன் கன்னத்தோடு கன்னம் வைத்து அவன் பார்க்கும் இடத்தைப் பார்த்தாள்.

பவுடர் டப்பாக் கண்ணாடிக்குள் டிரமவானி இருந்தது. அவள் கட்டின அதே ஸ்டேஷன், அதே கூரை. ஆனால் பக்கம் மாறி இருந்தது. பாலத்தின் அடியில் நின்று பார்க்கிறவனுக்கு வீடு இடப்பக்கம் இருக்கும்படி அவள் கட்டியிருந்தாள். கண்ணாடியில் அது வலப்பக்கம் நின்றது. பள்ளிக்கூடம் விட்டு அந்தப் பாலத்தின் அடியில் வருகிற பையன் நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மாதிரி. ஃபீலிமின் விரல் லேசாக நகர்ந்து, கண்ணாடிக்குள் இருந்த நீல ஏப்ரனைக் காட்டி நின்றது.

டிம்ப்னா கைப்பையைத் திறந்து, மடித்து மடித்து நைந்துபோன அந்தத் தாளை எடுத்தாள். அவன் இடது கையில் கொடுத்தாள்.

அவன் அதை மடியில் கவிழ்த்துப் போட்டான்.

இந்தத் தடவை அவள் நிமிர்த்தவில்லை. கவிழ்ந்த தாளைக் கவிழ்ந்தபடியே எடுத்து, ஹாலின் பெரிய ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தாள் மெல்லிசு, வெளிச்சம் உள்ளே ஊடுருவியது. பின்பக்கத்தில் டிரமவானி தெரிந்தது. பாலம் அந்தக் கோடியில், கேபின் இந்தக் கோடியில், கண்ணாடியில் பார்த்த அதே ஸ்டேஷன். அவன் படத்தைப் பார்க்க மறுக்கவே இல்லை. திருப்பு, திருப்பு என்று எத்தனையோ மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அவள்தான் ஒவ்வொரு தடவையும் அவன் பேச்சை மறித்து நிமிர்த்தி வைத்திருக்கிறாள்.

மாலக்கி அவள் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தகட்டுக்கு ரெண்டு பக்கம் இருக்கு," என்றார். "பளபளப்பான பக்கம் ஒண்ணு, மங்கின பக்கம் ஒண்ணு. நான்தான் மாத்தி வெச்சு, இடம் வலமா விழுந்திடுச்சு போலிருக்கு." பிறகு சின்னக் குரலில், "படம் பொய் சொல்லல, மிஸஸ். நான்தான்," என்றார்.

கொரெட்டி கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கிச் சொல்லவும் டிம்ப்னாவுக்குப் பொறுமை இல்லை. புருஷன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஃபீலிம். நான் கட்டினது சரியா இருக்கா?"

அவன் அவளைப் பார்த்தான். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் சத்தம் வரவில்லை. விழுந்த நாளிலிருந்து எதைக் கேட்டாலும் ஆமா என்றவன், அந்தச் சொல்லைப் பல்லைக் கடித்து உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டான். டிம்ப்னா காத்திருந்தாள். கொரெட்டியின் கை பொத்தானிலிருந்து இறங்கியது.

"அப்ப எல்லாத்தையும் பிரிச்சுத் திருப்பிக் கட்டணுமா?"

"ஆமா," என்றான் ஃபீலிம்.

கொரெட்டி கோட்டைக் கழற்றினாள். நாற்காலியின் மறுபக்கம் அவளும் மண்டியிட்டு, பாலத்தின் அடியில் இருந்த அந்தச் சின்னக் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தாள். திங்கட்கிழமை தானே போன் பண்ணி அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். காலையில் தூக்கிவிட இனி தானும் வருவாளாம். தங்கையின் இடுப்பு ஒன்றும் இரும்பு இல்லையாம். சொன்னதெல்லாம் ஃபீலிமின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். இத்தனை மாதத்தில் அவள் அவனிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மாலக்கி ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டு, தண்டவாளத்தைப் பெயர்க்க உளி தேடிக்கொண்டிருந்தார்.